'அப்பாடா' என்று தோன்றியது பாவமா?

கேள்வி: எனக்கு 54 வயது. கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு கிராமம். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. என் அம்மைக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார்கள். நான்தான் பார்த்தேன். முதுகில் புண் வரக்கூடாது என்று ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடுவேன். கடந்த பிப்ரவரியில் தவறிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிகள் இரண்டு பேரும் அடக்கத்துக்கு வந்து பெட்டியைப் பிடித்துக் கதறினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மூச்சு நின்றதும் 'அப்பாடா' என்றுதான் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை, கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

அம்மை கிடந்த அறையில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத்தான் இன்னும் படுக்கிறேன். எட்டரைக்கே படுத்துவிடுவேன். ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் முழிப்பு வருகிறது. பிறகு தூக்கம் இல்லை. எழுந்து கட்டன் சாயா போட்டுக் குடிப்பேன். கண்ணை மூடினால் கடைசி நேரத்தில் அம்மைக்குத் தொண்டையில் இழுத்த சத்தம் கேட்கிறது. மகள் தியானம் செய்ய ஓர் ஆப் போட்டுத் தந்தாள், ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வீடியோ அனுப்பினாள், நான் எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போய் சூரிய உதயமும் காட்டினாள். காலையில் போனைத் திறந்தால் ஊக்கமூட்டும் வாசகங்கள் வரிசையாக வந்து கிடக்கின்றன. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி இடைக்கிடை அரை போடுகிறேன். கல்லறைத் திருநாளுக்குக்கூடப் போகவில்லை. வீட்டு வேலை எல்லாம் செய்கிறேன், பேரனோடு சிரிக்கவும் செய்கிறேன். அம்மை ஓலைப்பெட்டி முடைவார்கள், எனக்கும் தெரியும், அதை மட்டும் தொடப் பிடிக்கவில்லை. மனசு ஆறவும், ஊக்கம் வரவும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஊக்கத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்த 'அப்பாடா'வை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் மற்ற எல்லாவற்றிலும் அதன் நிழல் விழுந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நீண்ட நாள் படுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள், மனைவிமார், மருமகள்கள் என்று பலரிடம் பேசுகிற வேலை என்னுடையது. இந்த நிம்மதியை அவர்களில் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் ஒருதரம் வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அதனால்தான் ஒவ்வொருவரும் உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பராமரித்தவர்களின் துக்கத்தைப் பற்றி எழுதிய மருத்துவர்களும் உளவியலாளர்களும் இதைப் புதிதாகப் பார்ப்பதில்லை. நீண்ட நோய்க்குப் பிறகு வரும் மரணத்தில் துக்கமும் நிம்மதியும் சேர்ந்தே வரும். ஒன்று இருப்பதால் மற்றது பொய் ஆகிவிடாது.

உங்கள் நிம்மதியில் இரண்டு பங்கு இருந்திருக்கும். அம்மையின் கஷ்டம் முடிந்தது என்பது ஒன்று. அதை வெளியே சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது. அடக்க வீட்டில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கஷ்டமும் முடிந்தது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் நீங்கள் உங்களுக்கே மன்னிக்க மறுக்கிறீர்கள். மூன்று வருடம் ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்காத உடம்பு அது. தூக்கிப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அது புரையேறாமல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்த உடம்பு. அதற்கு ஓய்வு வந்துவிட்டது என்று முதலில் தெரிந்ததும் அந்த உடம்புக்குத்தான். சுமந்தவருக்குத்தான் இறக்கி வைத்தது தெரியும். பார்த்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த 'அப்பாடா' வரவே வராது.

பாவமா இல்லையா என்று சொல்ல நான் பங்குச்சாமி இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் போய்ச் சொல்லுங்கள். சாமியார்களும் இதை எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார்கள். குற்றமாக ஆரம்பிக்காமல், 'இப்படித் தோன்றியது, அது என்னை அரிக்கிறது' என்று நடந்ததை நடந்ததாகச் சொல்லுங்கள். முடிந்தால் அதற்கு முன்னாலேயே உங்கள் கணவரிடம் ஒருதரம் சொல்லிப் பாருங்கள். மூன்று வருடமும் அதே வீட்டில் இருந்தவர் அவர். அவருக்கும் ஓர் 'அப்பாடா' இருந்திருக்கலாம், உங்களிடம் சொல்லப் பயந்து வைத்திருக்கலாம்.

அப்புறம், அந்தச் சத்தம். இதை அன்றைக்கே யாராவது உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். கடைசி மணி நேரங்களில் விழுங்கும் சக்தியும் இருமித் துப்பும் சக்தியும் போய்விடும். சாதாரணமாக நாம் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கும் எச்சிலும் சளியும் தொண்டையில் தங்கிவிடும். அதன் வழியாகக் காற்று போய்வரும்போதுதான் அந்தக் கறகறப்பு. பக்கத்தில் நிற்பவருக்கு அது மூச்சு முட்டித் தவிப்பதுபோலக் கேட்கும். ஆனால் அந்த நிலைக்கு வரும்போது நினைவு பெரும்பாலும் ஆழமாக மங்கியிருக்கும். நோய்த்தணிப்புச் சிகிச்சை பார்க்கும் மருத்துவர்களின் பொதுவான கருத்து, அந்தச் சத்தம் நோயாளியைவிட அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரைத்தான் வதைக்கிறது என்பது. அந்த நேரத்தில் வீட்டில் செய்யக்கூடிய முக்கியமான உதவி, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. நீங்கள் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்த அதே வேலைதான். ராத்திரி அந்தச் சத்தம் காதில் வரும்போது, 'அது தொண்டையில் நின்ற நீர், அம்மைக்கு அப்போது தெரியவில்லை' என்று வாய்விட்டே சொல்லுங்கள். சத்தம் உடனே நின்றுவிடாது. அதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் அர்த்தம் மாறினால், அதோடு சேர்ந்து வருகிற பதற்றம் மெல்லக் குறையும்.

தூக்கத்துக்கு வருகிறேன். ஒரு மணி, மூன்று மணி என்று எழுதியிருக்கிறீர்கள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்றுதானே எழுந்திருப்பீர்கள்? உங்கள் உடம்பு இன்னும் அந்தக் கடமையில் நிற்கிறது. எல்லாருக்கும் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகத்தான் போகும். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் யாரும் லேசாக மேலே வந்து போவதுண்டு. மற்றவர்கள் புரண்டு படுத்து மறந்துவிடுவார்கள். காவல் இருந்து பழகியவர் அந்த இடத்தில் முழுதாக விழித்துக்கொள்வார். பிரார்த்தனையில் குறையோ, மனசில் பலம் இல்லாததோ இதற்குக் காரணம் இல்லை. பழக்கித் தந்த பழக்கம், மாற்றிப் பழக்கினால் போகும்.

முதல் வேலை, அந்த அறையை விட்டு வெளியே வருவது. கட்டிலுக்குக் கீழே, அதே பாயில், அதே பக்கம் தலை வைத்துப் படுத்தால் உடம்புக்கு வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்? வேறு அறையில், கட்டிலோ பாயோ, வேறு இடத்தில் படுங்கள். அம்மையை விட்டுவிட்டு வருவதுபோல் முதல் சில நாள் இருக்கும். இருக்கட்டும். கட்டிலும் காற்று மெத்தையும் இன்னும் வீட்டில் இருந்தால், எப்போது மனசு வருகிறதோ அப்போது, படுக்கையில் இருக்கும் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். பங்குக் கோயிலில் கேட்டால் அன்றைக்கே ஆள் வரும். நம் ஊரில் அதற்குத் தேவை குறைந்ததே இல்லை. இதற்கு அவசரமில்லை, பாய் மாறுவதற்கு மட்டும்தான் அவசரம்.

இரண்டாவது, எட்டரைக்குப் படுக்காதீர்கள். களைப்பாக இருக்கிறது என்று சீக்கிரம் படுக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஐந்தரை மணி நேரத் தூக்கத்தை எட்டரை மணி நேரப் படுக்கையில் பரப்பினால் நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும். பத்தரைக்குப் படுங்கள், ஐந்துக்கு எழுங்கள். ஞாயிறு, மழைநாள், விருந்து என்று எந்த வித்தியாசமும் வேண்டாம். பகலில் கண் அசந்தால் மூன்று மணிக்கு முன்பு அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் இப்போது இருப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்காமலே சொல்லிவிடுகிறேன். எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில் என்ன செய்வது என்று திகைப்பீர்கள். அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன், கீழே வரும்.

ஒரு மணிக்கு முழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், போன் அடுக்களையில் கிடக்கட்டும். ஓர் இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் பிடிக்கவில்லை என்று தோன்றினால் படுக்கையில் உருளாமல் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். சின்ன வெளிச்சத்தில் சலிப்பான ஒரு வேலை: பயறு பொறுக்கலாம், துணி மடிக்கலாம், ஜெபமாலை சொல்லலாம். கண் சொக்கியதும் திரும்பி வந்து படுங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று தரம் இப்படி எழ வேண்டி வந்தாலும் செய்யுங்கள். படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு மறுபடி படிக்கிற பாடம் இது. தூக்கமின்மைக்கு உலகம் முழுக்க மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கப்படுகிற உளவியல் சிகிச்சையில் இதுவும், மேலே சொன்ன நேரக் கட்டுப்பாடும் மையமானவை.

கட்டன் சாயா கூடாது. மூன்று மணிக்கு நீங்கள் போட்டுக் குடிப்பது உடம்புக்கு 'காவலுக்கு வா' என்று கொடுக்கும் சம்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. சாயங்காலச் சாயாவும் நாலு மணியோடு நிற்கட்டும். சாயாவில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

உங்கள் கணவரிடம் ஒரு விஷயம் கேளுங்கள். எந்த மரத்தையாவது இடைவெளி விடாமல் தினமும் வெட்டுவாரா? ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால்தான் மரம் திரும்பப் பால் ஊறவைக்கும், இலை உதிர்கிற மாதங்களில் மொத்தமாக நிறுத்தியும் போடுவார்கள் என்று சொல்வார். மரத்துக்கு இருக்கிற இந்த முறை மூன்று வருடமாக உங்களுக்கு இல்லை. ஒன்பது மாதத்தில் எல்லாம் ஊறி வந்திருக்க வேண்டும் என்று நீங்களே உங்களை விரட்டுகிறீர்கள்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. பெயர் எழுதவில்லை. அல்பிரசோலம், குளோனசிபம் வகையாக இருந்தால் அவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. சில வாரம் தொடர்ந்து போட்டாலே உடம்பு அதைக் கேட்க ஆரம்பிக்கும். வயதானால் ராத்திரி எழும்போது தடுமாறி விழவும் வைக்கும். எப்போதாவது அரைதான் என்பதால் இப்போதே விட்டுவிடலாம். ஒருவேளை கடிதத்தில் எழுதியதைவிட அதிகமாக, தினமும் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள். அப்படியே தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்துத்தான் முழிப்பு வருகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். மாதவிலக்கு நிற்கும் வயதில் அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

மகள் அனுப்பிய ஐந்து கட்டம்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. நீங்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை, கவலைப்பட வேண்டாம். எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதிய புத்தகத்தில் இருந்து வந்தது அது. அவர் பேசியது இறந்துகொண்டிருந்த நோயாளிகளிடம், அவர்களைப் பறிகொடுத்தவர்களிடம் இல்லை. பிறகு அது எல்லாத் துக்கத்துக்கும் பொதுவான ஏணிப்படி மாதிரி பரவிவிட்டது. துக்கம் அப்படி வரிசையில் நிற்பதில்லை. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னதுதான் நான் வீடுகளில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. துக்கப்படுகிறவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போவார், கொஞ்ச நேரம் வாழ்க்கையின் பக்கம் வருவார், இந்தப் போக்குவரத்துதான் ஆறுதல் நடக்கும் விதம் என்றார்கள். பேரனோடு சிரிப்பதை நீங்கள் ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பும் துக்கத்தின் வேலையில் ஒரு பாதி. கல்லறைத் திருநாளுக்குப் போகாததும் அப்படித்தான். அன்றைக்கு உங்களால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஊரே பூவும் மெழுகுதிரியுமாக நிற்கும் அந்த நாளில், தம்பிகள் கதறியதைப் பார்த்த அதே ஆட்களுக்கு நடுவில், கண்ணீர் வராமல் நிற்க வேண்டுமே என்ற பயமும் இருந்திருக்கும். கூட்டம் இல்லாத ஒரு நாளில் காலையில் பேரனையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். கல்லறையைச் சுற்றிப் புல் முளைத்திருந்தால் பிடுங்கிவிட்டு வாருங்கள், அது போதும்.

இப்போது ஊக்கம். வாசகங்கள் உள்ளே இறங்கவில்லை என்கிறீர்கள். இறங்காதது உங்கள் குறை இல்லை. 'நல்லதையே நினை' என்பது ஏற்கெனவே நன்றாக இருக்கிறவருக்கு இனிக்கும். களைத்துப்போனவருக்கு அது செய்ய முடியாத இன்னொரு வேலையாக வந்து சேரும். எனக்கும் தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு இப்படி வருகிறது. அனுப்புகிறவர் நம்மை நினைத்தார் என்பதற்கு மேல் அதில் வேறு மருந்து இல்லை. குழுக்களை மியூட் செய்துவிடுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை.

மனசு மாறினால்தான் செய்ய முடியும் என்று நாம் காத்திருக்கிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். எண்ணங்களை மாற்றப் பயிற்சி தரும் முழுச் சிகிச்சை ஒரு பக்கம். எண்ணங்களைத் தொடாமல், அன்றாட வேலைகளை மட்டும் மெல்லத் திரும்ப ஆரம்பிக்க வைப்பது இன்னொரு பக்கம். 1996-ல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு வெளியிட்ட முடிவு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன என்பது. உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு நோய் என்று நான் சொல்லவில்லை. கை முதலில் போகலாம், மனசு பின்னால் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சூரிய உதயம் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்தியா முழுக்க இருந்து ஆட்கள் ஊக்கம் தேடி வந்து நிற்கிற இடம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. நாமோ விருந்தாளி வந்தால்தான் அந்தப் பக்கம் போகிறோம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் கன்னியாகுமரிக் கடல்பாறைக்கு வந்தது நாட்டையெல்லாம் சுற்றிப் பார்த்த பிறகு. வந்து உட்கார்ந்ததும் எல்லாம் தொடங்கியதுபோல நாம் கதை சொல்கிறோம். சுற்றிய வருடங்களை விட்டுவிடுகிறோம். மகள் கூட்டிப்போனதில் உங்களுக்கு நிச்சயமாக நன்மை செய்த ஒன்று உண்டு, காலை ஆறு ஆறரைக்கு முகத்தில் விழுந்த வெளிச்சம். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் அதை வைத்துத்தான் ராத்திரி எப்போது தூக்கம் வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. அந்த வெளிச்சம் உங்கள் முற்றத்திலும் விழுகிறது. மேகம் மூடிய காலையில்கூட வெளியில் இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. ஐந்துக்கு எழுந்து, விடிந்ததும் அரை மணி நேரம் வெளியில் இருங்கள். முற்றம் பெருக்கலாம், விளையில் நடக்கலாம், கோழிக்குத் தீனி போடலாம். கடலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

தியான ஆப்பை எடுத்துவிடுங்கள். தியானம் கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் பயங்கரமான நினைவு வருகிறவர்களுக்கு அது சில நேரம் நினைவை இன்னும் பெரிதாக்கும். கண் திறந்து, கை அசைந்து, கவனம் ஓர் இடத்தில் நிற்கிற வேலைதான் இப்போது உங்களுக்குப் பொருந்தும். அப்படி ஒரு வேலை உங்களுக்குத் தெரியும், அதைத்தான் தொடப் பிடிக்கவில்லை என்கிறீர்கள்.

ஓலையைச் சொல்கிறேன். எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில் என்று வைத்திருந்தது இதைத்தான். பெட்டி முடைந்து முடிக்க வேண்டாம். முதல் வாரம் குருத்தோலையைக் கீறி, நனைத்துப் பதமாக்கி வைப்பது மட்டும். அதுவும் இருபது நிமிடம், பிடிக்காவிட்டால் பத்து. அடுத்த வாரம் அடி மட்டும் போட்டுப் பாருங்கள். கோணலாக வரும், நாளாகிவிட்டதே. ஓலையைத் தொட்டால் அம்மையின் கை நினைவு வந்து அழுகை வரலாம். ஒன்பது மாதமாக வராத அழுகை அங்கே வந்தால் நிறுத்தப் பார்க்காதீர்கள். வரவில்லை என்றாலும் ஏதோ தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கத்தைக் கண்ணீரை அளந்து கணக்குப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் கொஞ்சம் அதிகம், அடக்க வீட்டில் யார் எப்படி அழுதார்கள் என்று வருடக்கணக்கில் பேசுவார்கள்.

அதனால்தான் தம்பிகள் பற்றிய அந்த வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெட்டியைப் பிடித்துக் கதறினார்கள் என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள். மூன்று வருடத்தில் அவர்கள் எத்தனை நாள் வந்து நின்றார்கள், எத்தனை ராத்திரி முழித்தார்கள் என்று எழுதவில்லை. கோபம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நியாயமான கோபம்தான். பணம் அனுப்பியிருப்பார்கள், தூரத்தில் இருந்து அவர்களும் தவித்திருப்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனாலும் அந்த உண்மை உங்கள் ராத்திரிகளைத் திருப்பித் தராது. 'பெரியவள் நான், இதைப் போய் மனசில் வைத்துக்கொள்ளலாமா' என்று மூடிப் போட்டால் அது குற்ற உணர்வாக உங்கள் பக்கமே திரும்பும். உங்கள் 'அப்பாடா' இவ்வளவு பெரிய பாவமாகத் தெரிவதில் அவர்கள் கதறலுக்கும் பங்கு இருக்கிறது. கோபத்தை முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம், மரியாதையாகவும் எழுத வேண்டாம்.

எப்போது ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று உண்டு. ஆறு மாதம் தாண்டியும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி, ஏக்கமும் வேதனையும் ஆளை அன்றாட வாழ்க்கையே நடத்தவிடாமல் முடக்கிப்போட்டால்தான் அந்தப் பெயர். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாளின் பெரும்பகுதி மனசு இருண்டு, எதிலும் விருப்பம் இல்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால், சாப்பாடு இறங்காமல் உடம்பு இளைத்தால், இந்தத் தூக்க முறையை ஆறு வாரம் விடாமல் செய்தும் மாற்றம் இல்லை என்றால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அம்மையோடு போய்விடலாமே என்ற நினைப்பு ஒருதரம் வந்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள். ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.

கடைசியாக, பிப்ரவரியில் ஆண்டு நினைவு வருகிறது. பூசைக்குச் சொல்வது, கல்லறைக்கு வெள்ளையடிப்பது, உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு, எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து விழும் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மாதமே தம்பிகளைக் கூப்பிடுங்கள். சண்டை வேண்டாம், பழைய கணக்கும் வேண்டாம். "அம்மையை நான் பார்த்தேன். ஆண்டை நீங்கள் ரெண்டு பேரும் நடத்துங்கள். லீவு இப்போதே போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.